பட்டியலில் ஏறிய பெயர்: பெண்கள் வாக்குரிமை வரலாற்றைச் சிங்கப்பூரில் தமிழ் நாடகமாக்க ஒரு தொடக்க வழிகாட்டி

பெண்கள் வாக்குரிமை பற்றி நாடகம் போடலாம் என்று கிளம்புகிற குழுக்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஊர்வலத்தைத்தான். கொடி, முழக்கம், சிறை, உண்ணாவிரதம். இவையெல்லாம் லண்டனில் நடந்தன. அங்கே பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். 1918-இல் 30 வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும் வாக்கு கிடைத்தது. ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருந்தார்கள்.

சிங்கப்பூரில் கதை வேறு. 1948 மார்ச்சில் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தபோதே, 21 வயதான பிரிட்டிஷ் பிரஜைகள் ஆணானாலும் பெண்ணானாலும் வாக்களிக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. அப்படியானால் இங்கே நாடகத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. சட்டம் அனுமதித்த நாளுக்கும், ஒரு பெண் தன் பெயரைப் பட்டியலில் பார்த்த நாளுக்கும் நடுவில் பல வருஷங்கள் கிடந்தன. படிவம், மொழி, குடியுரிமை, கைக்குழந்தை, மாமியார், சமையல் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தன. அந்த இடைவெளியை மேடையில் காட்டுவதே உங்கள் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகாட்டி மேடை அனுபவம் இல்லாதவர்களுக்கு. சமூக மன்றத்தில் கூடும் பெண்கள், தமிழ் மொழி விழாவுக்கு ஏதாவது செய்ய நினைக்கும் குழு, தொடக்கக்கல்லூரி மாணவர்கள், அவர்களின் ஆசிரியர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், பத்து வாரம் என்று வைத்துக்கொண்டால் 30 நிமிட நாடகம் ஒன்று கையில் இருக்கும். எட்டுப் பேர் போதும். ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: எந்த ஆண்டு என்று முடிவெடுங்கள்

‘பெண்கள் உரிமை’ என்ற பெரிய தலைப்போடு ஒத்திகைக்குப் போகாதீர்கள். பேச்சுப்போட்டி மாதிரி ஆகிவிடும். ஓர் ஆண்டைப் பிடியுங்கள். சிங்கப்பூர் வரலாற்றில் நாடகத்துக்குத் தோதான ஆண்டுகள் இவை.

1948. ஆறு இடங்களுக்குத்தான் பொதுத் தேர்தல். பதிவு செய்வது அவரவர் விருப்பம். தகுதி இருந்தவர்களில் மிகச் சிறு பகுதியினரே, சுமார் 22,000 பேர், பதிந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அந்தப் பட்டியலில் இந்தியர்கள் கணிசமாக இருந்தார்கள். ‘பதியலாமா, வேண்டாமா’ என்று வீட்டுக்குள் நடக்கும் பேச்சே இந்த ஆண்டின் நாடகம்.

1951. சிலேத்தார் தொகுதியில் விலாசினி மேனன் சுயேச்சையாக நின்று வென்றார். சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் அவர், வழக்கறிஞர். மறு ஆண்டே, நம்பிக்கை மோசடி வழக்கை எதிர்கொண்ட நிலையில், பதவி விலகினார். போர்க்காலச் சித்திரவதையைத் தாங்கி நின்ற எலிசபெத் சோய் அதே 1951-இல் நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். ஒருவர் வாக்கால் வந்தவர், மற்றவர் நியமனத்தால் வந்தவர். இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் பார்வையாளர்கள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். விலாசினியின் விலகலை மறைக்காதீர்கள். முன்னோடிகளைப் பொம்மைகளாக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

1952. சிங்கப்பூர் மாதர் மன்றம் உருவானது. பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தார் அதன் முன்னணிக் குரல். பலதார மணத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. வாக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. வீட்டுக்குள் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. வாக்கை வைத்து அந்தப் பாதுகாப்பை எப்படிப் பெறுவது என்பதுதான் இங்கே நடந்த போராட்டம். இதைப் புரிந்துகொண்டால் சிங்கப்பூர்க் கதையின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

1955-இல் தகுதியுள்ளவர்களின் பெயர்களை அரசே பட்டியலில் சேர்த்தது. எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தொட்டது. ஆனால் வாக்களித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான்.

1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் பதிந்து, உறுதிமொழி எடுத்துக் குடிமக்களாகலாம் என்ற வழி திறந்தது. தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழர்கள் குடியுரிமை பெற வேண்டும் என்று பெருமுயற்சி எடுத்தது இந்தக் காலத்தில்தான். தமிழ்க் குழுக்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஆண்டைத்தான். ‘ஊருக்குத் திரும்பிப் போவோமா, இங்கேயே இருந்துவிடுவோமா’ என்ற கேள்வி அன்று பல வீடுகளில் இருந்தது. அந்தக் கேள்விக்குள் பெண்ணின் வாக்கும் இருந்தது. அவளிடம் யாராவது கேட்டார்களா?

1959. முதன்முறையாக வாக்களிப்பது கட்டாயம். மே 30 அன்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே போகாத பெண்களும் வரிசையில் நின்றார்கள். சட்டப்பேரவைக்கு ஐந்து பெண்கள் தேர்வானார்கள்: மக்கள் செயல் கட்சியின் சான் சோய் சியோங், ஹோ புவாய் சூ, ஃபுங் யின் சிங், சஹோரா பிந்தே அகமது, எதிர்த்தரப்பில் சியோவ் பெக் லெங். பிறகு 1961 மே மாதம் மாதர் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது.

அதே 1961 ஜூலையில் இன்னொரு சம்பவம். ஆளுங்கட்சி பிளவுபட்டு, 51 பேர் கொண்ட அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு வாக்குக்கும் உயிர் இருந்த இரவு அது. நோயுற்று மருத்துவமனையில் இருந்த சஹோராவை ஆம்புலன்சில் அவைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்கத்துக்குக் கிடைத்தவை 27 வாக்குகள். அவற்றில் ஒன்று அவருடையது. சிங்கப்பூர் வரலாற்றில் இவ்வளவு நாடகத்தன்மை கொண்ட இரவுகள் அதிகமில்லை. மாணவர் குழுக்களுக்கு இதை ஒரு தனிக் காட்சியாகவே கொடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1970-இல் சான் சோய் சியோங் விலகியபின் 1984 வரை நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. ‘அன்று முதல் எல்லாம் நன்றாக நடந்தது’ என்று நாடகத்தை முடிக்க நினைப்பவர்கள் இந்த 14 ஆண்டுகளையும் கணக்கில் எடுங்கள்.

ஊர்க்கதையைச் சேர்ப்பதென்றால்

நம் குடும்பங்கள் வந்த இடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை மாகாணம் 1921-இல், சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை கொடுத்தது. இந்தியாவில் அந்த முடிவை எடுத்த முதல் மாகாணம் அதுதான். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சில ஆண்டுகளில் அங்கே சட்டமன்றத்துக்குள் போய், அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

இலங்கைக் கதை இன்னும் கூர்மையானது. 1920-களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு விசாரணை நடத்தியபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வாவிடம் கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்பதுதான் அவர் பதில். 1931-இல் அங்கே சர்வசன வாக்குரிமை வந்தது. மறு ஆண்டு நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். ஆனால் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அதே தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. கொடுத்த உரிமையைத் திரும்ப எடுக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தக் கதைகளைச் சேர்க்கிறீர்கள் என்றால், அவை நடந்த ஊரிலேயே நடக்கட்டும். சிராங்கூன் சாலையில் முத்துலட்சுமி ரெட்டியை நடக்கவிடாதீர்கள். கடிதம், வானொலி, கப்பலில் வந்த அத்தை சொன்ன செய்தி என்று வழி கண்டுபிடிக்கலாம். நாடகத்தின் நடுமையம் சிங்கப்பூராகவே இருக்கட்டும்.

இரண்டாம் படி: பொருள் சேர்ப்பது

மூன்று இடங்களில் தேடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரங்களையும் பிந்தைய ஒரு வாரத்தையும் மட்டும் படியுங்கள். தலைப்புச் செய்தியை விட விளம்பரங்களும் ஆசிரியருக்கு வந்த வாசகர் கடிதங்களும் அதிகம் தரும். அடுத்தது தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். சிலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வேண்டும். மூன்றாவது, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். மாதர் சாசன விவாதத்தில் சான் சோய் சியோங் பேசியது அச்சில் இருக்கிறது. நீங்கள் வசனம் எழுத வேண்டியதில்லை, அவர் எழுதிவிட்டார்.

நான்காவது இடம் உங்கள் வீடு. 1959-இல் 21 வயதானவர்கள் இன்று எண்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். அவர்களோடு பேச ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

பேசும்போது கேள்வி சின்னதாக இருக்கட்டும். ‘முதன்முதலில் வாக்களித்தபோது எப்படி உணர்ந்தீர்கள் பாட்டி?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்று முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அன்றைக்குக் காலையில் யார் சமைத்தார்கள்? யாரோடு போனீர்கள், நடந்தா, பேருந்திலா? பிள்ளையை எங்கே விட்டீர்கள்? எந்தச் சேலை? ஐசியை (அடையாள அட்டையை) யார் வைத்திருந்தார்? உள்ளே போனதும் யாராவது உங்களிடம் எப்படிக் கோடு போடுவது என்று சொன்னார்களா? வெளியே வந்ததும் முதலில் பேசியது யாரிடம்?

‘ஐசியை யார் வைத்திருந்தார்’ என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். தாத்தாவின் சட்டைப்பையிலா, அலமாரிப் பூட்டுக்குள்ளா, பாட்டியே தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாரா என்ற பதிலிலேயே அந்த வீட்டின் நிலவரம் தெரிந்துவிடும். ஒரு முழுக் காட்சியே அதிலிருந்து எழும்.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். மேடையில் பெயரைச் சொல்லலாமா, மாற்ற வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ‘என் பேரை எதுக்குப் போடுற’ என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாம் படி: பதிவு மேசை

புதியவர்கள் முதல் கூட்டத்திலேயே வசனத்தைக் கையில் எடுத்தால் விறைத்துப்போவார்கள். உடலால் தொடங்குங்கள். மூன்று பேர் ஒரு சிலைக்காட்சி அமைக்கட்டும்: வாக்களிக்கக் கிளம்பும் பெண், அவளைத் தடுக்கும் ஏதோ ஒன்று, அவளுக்கு உதவும் ஏதோ ஒன்று. தடுப்பது மனிதராக இருக்க வேண்டியதில்லை. கொதிக்கும் உலை, அழும் பிள்ளை, புரியாத மொழியில் ஒரு தாள், எது வேண்டுமானாலும் சரி. பத்து விநாடி அசையாமல் நிற்கட்டும். பார்ப்பவர்கள் என்ன தெரிகிறது என்று சொல்லட்டும். அவ்வளவுதான். கூச்சம் அரை மணியில் போய்விடும்.

அடுத்து வருவதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். அறை நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தடித்த பதிவேடு, ஒரு பேனா. ஒருவர் எழுத்தர். அவர் கெட்டவரல்ல, வரிசை நீளம், வெயில், களைப்பு, அவ்வளவே. எதிரே ஒரு பெண். வருஷம் 1957. எழுத்தர் கேட்க வேண்டியவை ஐந்து: பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி, கணவர் பெயர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்.

இதில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பள்ளம். பெயர் கேட்டால், வீட்டில் கூப்பிடும் பெயரா, கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வைத்த பெயரா? பிறந்த தேதி கேட்டால், ‘பெரிய புயல் அடிச்ச வருஷம் ஆடி மாசம்’ என்பதை அந்தப் பதிவேட்டின் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? பிறந்த ஊர் கேட்டால், அவள் சொல்லும் ஊரை எழுத்தருக்கு எழுதத் தெரியவில்லை. கணவர் பெயர் கேட்டால் அவள் வாயே திறப்பதில்லை. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். சுவரில் தொங்கும் முருகன் படத்தைக் காட்டுகிறாள். பின்னால் நிற்கும் சிறுமி ‘ஆறுமுகம்’ என்று எடுத்துக்கொடுக்கிறாள்.

இந்த இடத்தில் அறை சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனால் நிறுத்தாமல் தொடருங்கள். எழுத்தர் அடுத்து நிமிர்ந்து, ‘உன் பேரைச் சொல்லும்மா, நீ சொன்னாத்தான் எழுத முடியும்’ என்று மறுபடி கேட்கட்டும். அவள் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லும் அந்த நொடிக்கு நேரம் கொடுங்கள். எல்லோரும் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், ஆண்களும்தான். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லும் விதம் வேறுபடும். சிலர் கிசுகிசுப்பார்கள், சிலர் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். நான் நடத்திய பயிலரங்குகளில் குழுவுக்கு நாடகம் ‘பிடிபட்டது’ பெரும்பாலும் இந்த மேசையில்தான்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலே சாட்சி. 1951–52-இல் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், முக்கியமாக வட மாநிலங்களில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னதால் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயர் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அவர் செய்தது சரியா? குழுவை இரண்டாகப் பிரித்து விவாதிக்க விடுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்கும்.

மேசைப் பயிற்சியை ஒலிப்பதிவு செய்யுங்கள். அங்கே தானாக வந்த பேச்சுதான் உங்கள் முதல் வரைவு.

நான்காம் படி: எழுதுவது

ஐந்து காட்சிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பொருள் கைமாற வேண்டும்: ஐசி, படிவம், சாவி, குழந்தை, குடை. உரிமை பற்றி யாரும் உரை நிகழ்த்தக் கூடாது. ‘பெண்ணுக்கும் சம உரிமை உண்டு’ என்று பாத்திரம் சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டு, அவள் அலமாரியைத் திறந்து தன் ஐசியை எடுக்கட்டும்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். அதுவும் 1950-களின் சிங்கப்பூர்ப் பேச்சு. அக்கம்பக்கத்தில் மலாய்க்கார மக்சிக்கும் சீன ஆன்ட்டிக்கும் நம் அக்காவுக்கும் பொதுமொழி பாசார் மலாய் என்ற சந்தை மலாய்தான். கம்பத்துப் பொதுக்குழாயில் மூன்று பேரும் வாளியோடு நின்று யாருக்கு ஓட்டுப் போடுவது என்று அரைகுறை மலாயில் பேசும் காட்சி ஒன்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் புரியாத சொல் வந்தால் வரட்டும், சைகை விளக்கிவிடும். அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்த தலைமுறைக்குப் பொதுக்குழாய் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு தகர வாளியைத் தேடிப் பிடியுங்கள், அதன் சத்தமே இடத்தைச் சொல்லும்.

கணவனை வில்லனாக்காதீர்கள். மனைவியைப் பதிவு மேசைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போன ஆண்களும் இருந்தார்கள். அதே ஆள் ‘நான் சொல்ற சின்னத்துல போடு’ என்று வழியில் சொல்லியும் இருப்பார். இரண்டும் ஒரே மனிதனிடம் இருக்கும்போதுதான் காட்சி நிற்கும். ஆண்களைக் குழுவில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தப் பாத்திரத்தைப் பெண்களே எழுதினால் கடுமையாகிவிடுகிறது, ஆண்களே எழுதினால் மழுங்கிவிடுகிறது. சேர்ந்து எழுதுங்கள்.

உண்மை மனிதர்களைப் பேசவைக்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். எலிசபெத் சோய், சான் சோய் சியோங் போன்றவர்கள் பதிவான சொற்களை மட்டும் பேசட்டும். சொற்கள் கிடைக்காவிட்டால் அவர்கள் மௌனமாக மேடையைக் கடந்து போகலாம், அல்லது மற்றவர்கள் அவர்களைப் பற்றிப் பேசலாம். கற்பனைக்கு உங்கள் பெயரில்லாத பெண்கள் போதும்.

வரலாற்றுத் தகவலை எப்படிச் சொல்வது? இங்கே நம் மரபு கைகொடுக்கும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் நிற்பான், வெளியே வந்து பார்வையாளர்களிடமும் பேசுவான். ஆண்டும் சட்டமும் அவன் பொறுப்பு, கட்டியங்காரியாகவும் வைக்கலாம். இன்னொரு வழி வில்லுப்பாட்டு. முதன்மைப் பாடகர் ஒரு வரி சொல்ல, குழு ‘ஆமாம்’ போட, ஐந்து நிமிடத்தில் பத்து வருஷத்தைக் கடந்துவிடலாம். என்.எஸ்.கே. சீர்திருத்தச் சேதியை வில்லில் சொன்ன வழி நமக்குத் தெரிந்ததே. ஒரு இடத்தில் மட்டும் குழு ‘ஆமாம்’ போடாமல் நிறுத்தட்டும். ‘எல்லாப் பெண்ணுக்கும் வாக்கு வந்தது’ என்று பாடகர் பாடும்போது குழு சும்மா இருந்தால், பார்வையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்தாம் படி: ஒத்திகை, அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்குப் போகும் பெண்கள் வருகிறார்கள் என்றால் ஒத்திகையை எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு மூலையில் பாய் விரித்து வண்ணப் பென்சில் வையுங்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் வராமல்போன பெண்களைப் பற்றியதுதான் உங்கள் நாடகம். ஒத்திகையும் அதே தவற்றைச் செய்யக் கூடாது.

சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு, மாதர் செயற்குழு இரண்டிடமும் பேசுங்கள். அறை கிடைக்கும், சில நேரம் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைச் சுற்றிப் பார்ப்பதைக் குழுவின் ஒரு மாலையாகவே வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்கு நாடகம் போடுவதென்றால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் வேண்டும். வசனப் பிரதியைக் கொடுக்கச் சொல்வார்கள், ஆகவே கடைசி வாரம் வரை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். தேர்தல் நேரம் நெருங்கினால் தேதியைத் தள்ளி வையுங்கள். இன்றைய கட்சிகளின் சின்னமோ முழக்கமோ மேடையில் வேண்டாம். அது வந்துவிட்டால் பார்வையாளர் பாட்டியை மறந்துவிட்டு யார் பக்கம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மேடைப் பொருள்கள்: மேசை, பதிவேடு, வாளி, இரண்டு சேலை, ஒரு கயிறு. கயிறுதான் வரிசை. அதைப் பிடித்து நிற்பவர்கள் வாக்காளர்கள், விட்டவர்கள் இல்லை. இதற்கு மேல் செட் போட்டால் பணமும் போகும், கவனமும் போகும்.

ஆறாம் படி: நாடகத்துக்குப் பின்

நாடகம் முடிந்ததும் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு முறையைச் சின்ன அளவில் முயலலாம். ஒரு காட்சியை மறுபடி நடத்துங்கள். பார்ப்பவர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடந்து பார்க்கலாம். சிங்கப்பூரில் இந்த முறைக்குத் தனி வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இங்கே மேடையேறி, 1994-இல் அரசு நிதி நிறுத்தப்பட்டு, 2003-இல் அந்தத் தடை நீங்கியது. ஆகவே முன்பே எழுதாத வசனம் மேடையில் வரும் என்பதை உரிம விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் காட்சி? ‘நான் சொல்ற சின்னத்துல போடு’ காட்சியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதில் தலையிட எல்லோருக்கும் ஏதோ இருக்கும். சிலர் கணவனிடம் வாதாடுவார்கள். சிலர் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் தன் விருப்பப்படி போடுவார்கள். இரண்டாவது வழிக்கு முதிய பெண்களிடமிருந்து பெரிய வரவேற்பு கிடைக்கும். அதைக் கோழைத்தனம் என்று இளையவர்கள் சொன்னால் அங்கேயே விவாதம் சூடாகட்டும். நடத்துநர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அடுத்தவரை மேடைக்கு அழைத்தால் போதும்.

பேச்சைத் தொடங்கும் உரிமையை முதலில் வயதான பெண்களுக்குக் கொடுங்கள். ஒலிவாங்கி பின்வரிசை ஆண்களிடம் போய்விட்டால் திரும்ப வராது. அப்புறம், வாக்கே இல்லாதவர்களிடமும் கேளுங்கள். பார்வையாளர்களில் நிரந்தரவாசிகளான நீல ஐசிக்காரர்கள் இருப்பார்கள், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் பெண்கள் இருப்பார்கள். இங்கே குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் வாக்களிக்க விமானம் ஏறி ஊருக்குத்தான் போக வேண்டும். ‘உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், 1957 சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

யாராவது எழுந்து ‘எங்கம்மா கதை ஒண்ணு இருக்கு’ என்று சொன்னால் கூட்டத்தில் முழுவதையும் சொல்லவைக்க வேண்டாம். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, அந்த வாரமே போய்ப் பாருங்கள். பதிவு செய்தவற்றின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கும் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால், எங்கே, எந்தத் தேதியில், யார் பேசியது என்ற குறிப்போடு ஒழுங்காகச் சேமித்து வையுங்கள். அடுத்து இதே நாடகத்தைப் போட வரும் குழுவுக்கு நாளிதழில் கிடைக்காத ஆதாரம் அதில் இருக்கும்.